ஐப்பசிப் பட்டியல்

ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றனர். தொல்காப்பியம் அப்பருவத்தைக் குறிஞ்சித் திணைக்கு உரியதாக வைத்தது. வாடைக் காற்றும் விடாத தூறலும் நீண்ட இரவும் கூதிரின் அடையாளங்கள். தமிழ்நாட்டில் இன்றும் இந்த இலக்கணம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. அக்டோபர்த் திங்களின் மூன்றாம் வாரத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால், திருநெல்வேலிச் சீமையில் முற்றத்தில் காயப்போட்ட அரிசியை ஓடி ஓடி அள்ளுவதே வீட்டுப் பெண்களின் வேலையாகிவிடும்.

நாம் வந்து சேர்ந்த மும்பை மாநகரிலோ கூதிர் தலைகீழாக வருகிறது. சூன் 11 அளவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை அக்டோபர் 8 அளவில் விடைபெறும் என்பது வானிலைத் துறையின் இயல்புக் கணக்கு. நான்கு மாதம் சுவரும் துணியும் உப்பும் நீர்கோத்துக் கிடந்தபின், ஒருநாள் காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஊரார் குடையை எடுக்கும் வேளையில் நாம் குடையை மடித்து வைக்கிறோம். உடன் கொண்டுவந்த பண்டிகைகள் ஊர்ப் பஞ்சாங்கத்தின்படியே வருகின்றன. அவற்றுக்கு வேண்டிய அரிசியையும் பருப்பையும் உலர்த்தித் தரும் வெயில், மும்பையின் கணக்கின்படி வருகிறது. இவ்விரண்டையும் பொருத்தும் பொறுப்பு நம் வீட்டுப் பெண்களைச் சேர்ந்தது. அதற்கு எங்கள் அம்மா கண்ட வழிதான் ஐப்பசிப் பட்டியல்.

அப்பட்டியல் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் இன்னும் எங்களிடம் இருக்கின்றன. முதற் பட்டியல் 1973ஆம் ஆண்டுக்குரியது. அதற்கு முந்திய ஆண்டு மராட்டிய மண்ணில் கொடிய வறட்சி. விலைவாசி ஏற, மிருணாள் கோரே முதலிய தலைவியர் முன்னிற்க, பெண்கள் தட்டும் பூரிக்கட்டையும் ஏந்தி மும்பைத் தெருக்களில் இறங்கிய காலம் அது. நினைத்தபோது வாணலியை ஏற்றும் துணிவு யாருக்கும் இல்லை. எண்ணெயையும் சர்க்கரையையும் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆகவே புரட்டாசி முதற் சனிக்கிழமை இரவு, சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தபின், தாராவியில் எங்கள் ஒற்றை அறையின் நடுவே நோட்டு விரிக்கப்பட்டது. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. அவர் சொல்லச் சொல்ல, பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எங்களுள் ஒருவர் எழுதுவோம்.

பட்டியலுக்கு மூன்று பத்திகள். முதலாவது பண்டம், இரண்டாவது அளவு, மூன்றாவது ஆள். எந்தப் பண்டம், எவ்வளவு, யார் யாருக்கு. எழுதும் பிள்ளைகளுக்கு முதற் பத்தியில்தான் ஆசை. அம்மாவோ மூன்றாம் பத்தியை முதலில் எழுதச் சொல்வார். அப்பத்தி நிறைந்த பின்னரே அளவு பேசப்படும். அளவு முடிந்த பின்னரே பண்டம்.

வேலையின் வரிசையும் அதிலேயே இருந்தது. மழை ஓய்ந்த முதல் வாரம், அரிசியும் உளுந்தும் வெயில் காண வேண்டும். எங்களுக்கு முற்றமும் இல்லை, மொட்டைமாடியும் இல்லை. சந்தின் வாயில் ஒரு கயிற்றுக் கட்டில் போட்டு, பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் தானியம் பரப்பப்படும். காக்கைக்கும் ஆட்டுக்கும் காவலாகப் பள்ளி விடுமுறைப் பிள்ளை ஒன்று கையில் குச்சியுடன் உட்கார வேண்டும். இரண்டாம் வாரம் மாவு மில். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு வறுத்த உளுந்து. முறுக்குக்கு இதுவே கணக்கு. கோதுமை அரைத்த சூட்டோடு நம் அரிசியைப் போட்டால் மாவில் கோதுமை கலந்துவிடும். ஆதலால் மில் திறந்தவுடன் முதல் ஆளாக நிற்பதற்கு ஒருவரை விடியலிலேயே அனுப்புவார்கள். மூன்றாம் வாரம் ஒரு ஞாயிறு மாட்டுங்காவுக்கு நடை. ரயில் நிலையத்துக்குக் கிழக்கே நம்மவர் கடைகளில் சுக்கும் திப்பிலியும் கண்டந்திப்பிலியும் சித்தரத்தையும் கிடைக்கும். ஓமமும் மிளகும் சீரகமும் சேர்த்து இடித்து, வெல்லமும் நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறும் தீபாவளி லேகியத்துக்கு அவை வேண்டும். பட்டியலில் அதன் பெயர் ‘மருந்து’ என்றே எழுதப்பட்டிருக்கிறது.

அதிரசத்துக்கு மட்டும் தனிப் பக்கம். பச்சரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் ஆற்றி, கையில் ஒட்டியும் ஒட்டாமலும் ஈரம் நிற்கும்போது இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லப் பாகைத் தண்ணீரில் சொட்டினால் கரையாமல் மெத்தென்று உருள வேண்டும். அந்தப் பதத்தில் மாவைக் கொட்டிக் கிளறி, சில நாள் மூடி வைத்தால் மாவு தானே பக்குவப்படும். நம் மக்கள் இதை நெடுங்காலமாகச் செய்து வருகிறார்கள். திருமலைக் கோயிலின் விசயநகரக் காலக் கல்வெட்டுகளிலேயே அதிரசப்படி என்னும் படையல் பேசப்படுகிறது. ஆனால் மும்பையில் முதல் இரண்டு ஆண்டுகள் எங்கள் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போயிற்று. ஊர் மண்டைவெல்லத்துக்குப் பழகிய கை, கோலாப்பூர் வெல்லத்தின் போக்கை அறியவில்லை.

அறிவித்தவர் அடுத்த அறையில் இருந்த மராட்டிய அம்மையார். அவரை நாங்கள் மாவ்சி என்று அழைப்போம். அவர்கள் மொழியில் தாயின் சகோதரி என்று பொருள். அவர் வீட்டில் அனார்சே செய்வார்கள். அரிசியை மூன்று நாள் ஊறவைத்து, நாள்தோறும் தண்ணீர் மாற்றி, உலர்த்தி இடித்து, பாகு காய்ச்சாமல் வெல்லத்தைப் பச்சையாகவே சேர்த்துப் பிசைந்து, சில நாள் பொறுத்து, கசகசாவின்மேல் தட்டிப் பொரிப்பார்கள். நம் அதிரசத்தின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். கோலாப்பூர் வெல்லம் எவ்வளவு நேரத்தில் இளகும், எவ்வளவில் இறுகும் என்று மாவ்சி அம்மாவின் கையைப் பிடித்துக் காட்டினார். எங்கள் முறுக்கு அவர்களிடம் சக்லி. ஆனால் அவர்கள் பல பருப்பையும் தானியத்தையும் வறுத்து அரைத்த மாவில் பிழிவார்கள். எங்கள் சோமாசி அவர்களிடம் கரஞ்சி. அந்த ஆண்டிலிருந்து பட்டியலின் மூன்றாம் பத்தியில் முதற் பெயர் மாவ்சியினுடையதாயிற்று. ஊரிலுள்ள சித்திமார் பெயர்கள் அதற்குப் பின்னரே வந்தன.

பத்தி வளர்ந்துகொண்டே போனது. அகல் விளக்கு தரும் கும்பார்வாடாக் குயவர் வீடு. சௌராட்டிரத்திலிருந்து வந்து தாராவியில் சக்கரம் நாட்டிய குடும்பம் அது. மில் திறக்கும் முன்பே எங்கள் அரிசிக்கு இடம் பிடித்து வைக்கும் மாவுக்காரர். பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்த கிறித்தவ ஆசிரியை. ஊரிலிருந்து வேலை தேடி வந்து, எங்கள் வீட்டு வாசலில் படுத்துறங்கி, பின்பு செம்பூரில் அறை பிடித்துச் சென்ற இளைஞர் நால்வர். பெயர்கள் முப்பதைத் தாண்டியபின் அப்பா சிரித்தார். “இது பலகாரப் பட்டியலா, வாக்காளர் பட்டியலா?” என்று கேட்டார்.

அந்தப் பட்டியலுக்கு முதற் சோதனை 1982இல் வந்தது. அவ்வாண்டு சனவரி 18ஆம் நாள், டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை இலட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். எங்கள் அப்பாவும் அவர்களுள் ஒருவர். புரட்டாசி வந்தபோது கூலியின்றி எட்டுத் திங்கள் கழிந்திருந்தன. அம்மாவின் கழுத்தில் மஞ்சட்கயிறு மட்டுமே இருந்தது. நோட்டை விரித்தபோது அப்பா மெல்லச் சொன்னார்: “இந்த வருசம் கொடுக்காவிட்டால் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் ஏதாவது செய்.”

அம்மா எழுதிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்: “அளவக் கொறைக்கலாம் எய்யா, ஆளக் கொறைக்கக் கூடாது.”

அவ்வாறே எழுதினோம். ஆளுக்கு ஓர் அதிரசம், இரண்டு முறுக்கு, சுண்டைக்காய் அளவு மருந்து. அதிரசமும் வழக்கத்தில் பாதிதான். ஆனால் அவ்வாண்டுப் பக்கத்தில் நான்காவதாக ஒரு பத்தியும் தோன்றியிருக்கிறது. அதன் தலைப்பு ‘விற்பது’. பெண்ணின் கைப்பண்டம் குடும்பத்துக்குச் சோறு போடும் என்பது இந்நகருக்குப் புதிதன்று. 1959இல் கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம் நாடறிந்த செய்தி. அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவரும் முறுக்கு சுற்றி, தேநீர்க் கடைகளின் கண்ணாடி ஜாடிகளுக்குக் கொடுத்தார்கள். தறியில் பழகிய அப்பாவின் கை முறுக்கு நாழியைத் திருகியது. அவ்வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. அப்பாவும் ஆலைக்குத் திரும்பவில்லை. எங்களுள் இருவர் கல்லூரிப் படியேறியது அந்த நான்காம் பத்தியால்தான்.

இனி, சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறோம்.

நம் அடுக்களையில் அவிப்பது உண்டு, பொரிப்பது உண்டு, வறுப்பது உண்டு. மூடிய சூட்டில் சுடுவது இல்லை. அதை மும்பையே நமக்குக் கற்றுத் தந்தது. தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, நான்கட்டாய் மாவைப் பிசைந்து எடுத்துக்கொண்டு தெருமுனைப் பேக்கரிக்குச் செல்வது இங்குள்ள குடும்பங்களின் வழக்கம். சூரத்தில் டச்சுக்காரர் விட்டுச் சென்ற அடுப்பில் பிறந்த பண்டம் அது என்பர். ஒரு கிலோ மைதாவுக்கு அரைக்கிலோ பொடித்த சர்க்கரை, அரைக்கிலோவுக்குச் சற்று மேல் நெய் அல்லது வனஸ்பதி, ஒரு கைப்பிடி ரவை, ஏலப்பொடி, சாதிக்காய்ப்பொடி. விடியலில் ரொட்டி வெந்து முடிந்தபின், விறகு தணிந்து சூடு இறங்கிவரும் பிற்பகலில்தான் நான்கட்டாய் கருகாமல் வேகும். பேக்கரித் தட்டுகளில் எல்லா வீட்டு மாவும் ஒன்றாகப் போவதால் வீட்டுக்கு ஓர் அடையாளம் உண்டு. ஒரு வீட்டார் பிஸ்தா வைப்பார்கள். ஒருவர் முள்கரண்டியால் கோடு கிழிப்பார்கள். எங்கள் அடையாளம் பாதி முந்திரி. தட்டுக்கு இவ்வளவு என்று கூலி.

பேக்கரி நடத்தியவர் வடநாட்டு முசுலிம் பெரியவர். எங்கள் சந்தில் பழகிப் பழகி அரைத் தமிழ் பேசுவார். 1992 ஐப்பசியில் எங்கள் சந்திலிருந்து எட்டு வீட்டு மாவு அவரிடம் சென்றது.

அவ்வாண்டு டிசம்பரிலும் 1993 சனவரியிலும் மும்பையில் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். 900 பேர் உயிரிழந்தனர் என்று நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கண்டது. தாராவியும் எரிந்தது. சனவரியில் ஓர் இரவு அந்தப் பேக்கரியின் ஷட்டரை உடைத்தார்கள். மைதா மூட்டைகள் தெருவில் இழுத்துக் கிழிக்கப்பட்டன. விளக்கை அணைத்துவிட்டுக் கதவிடுக்கு வழியே நாங்கள் பார்த்தோம். கூட்டத்தில் தெரிந்த முகங்களும் இருந்தன. நாங்கள் எதையும் எறியவில்லை. எதையும் தடுக்கவும் இல்லை. கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டோம். மறுநாள் காலையில் தெரு வெள்ளையாக இருந்தது. பெரியவரும் அவர் ஆட்களும் எங்கே என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

பல திங்கள் கழித்துப் பேக்கரி திறந்தது. புரட்டாசி வந்தது, நோட்டு விரிந்தது. மூன்றாம் பத்தியை அம்மா சொல்லிவந்தார். அந்தப் பெயர் வந்தபோது எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. இவ்வாண்டு நான்கட்டாய் வேண்டாம், ரிப்பன் பக்கோடாவைக் கூட்டிப் பிழிந்துகொள்வோம் என்றார் எங்களுள் மூத்தவர். சந்தில் சிலர் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் ஒருபுறம். அதைவிடப் பெரிதாக, எந்த முகத்தோடு அவர் முன்னே போய் நிற்பது என்ற கூச்சம். அதை வாய்விட்டுச் சொல்ல எவருக்கும் இயலவில்லை.

அம்மா பேனாவைக் கேட்டு வாங்கினார். நோட்டைத் தம் பக்கம் திருப்பி, எழுத்துக் கூட்டி எழுதினார். அவர் கையெழுத்தில் உள்ள ஒரே வரி அது. கோணல் எழுத்துகளில், ‘ரொட்டிக்கட பாய்’ என்று இன்றும் அப்பக்கத்தில் இருக்கிறது.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, எவர்சில்வர் பாத்திரத்தில் மாவை எடுத்துக்கொண்டு அம்மா முன்னே நடக்க, நாங்கள் பின்னே சென்றோம். அந்தப் பிற்பகல் பேக்கரியில் வேறு எந்த வீட்டு மாவும் இல்லை. பெரியவர் எங்களைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. தட்டுகளை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அம்மா உருட்டி வைத்து முடித்தபின் தட்டைக் குனிந்து பார்த்து, “முந்திரி வைக்கலையா அம்மா?” என்றார்.

“வேற தட்டே இல்லையே, அடையாளம் எதுக்கு?” என்றார் அம்மா.

“வரும் அம்மா. வைங்க,” என்றார் அவர்.

வீட்டுக்கு ஓடிச் சென்று முந்திரி கொண்டுவந்தோம். அம்மா ஒவ்வொன்றாக வைத்தார். பெரியவர் வழக்கமான கூலியையே பெற்றுக்கொண்டார். குறைக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பழைய கணக்கின்படி அவர் சில்லறையை எண்ணிக் கொடுத்தது எங்களுக்குப் பேராறுதலாக இருந்தது. நாங்கள் திரும்பும்போது சந்தின் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். மாலைக்குள் இன்னும் மூன்று வீட்டு மாவு சென்றது. எட்டு ஆகவில்லை, மூன்று வீடுதான். தீபாவளியன்று பாய்க்குச் சென்ற தட்டு, அடுத்த ரம்சானுக்குச் சேமியாப் பாயசம் ஏந்தித் திரும்பி வந்தது. சனவரி இரவைப் பற்றி அவரும் பேசவில்லை; நாங்களும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா மறைந்துவிட்டார். நாங்கள் செம்பூருக்குக் குடிபெயர்ந்து ஆண்டுகள் பல ஆயின. இப்போது எங்கள் சமையலறையிலேயே மின்சார அவன் இருக்கிறது. பேத்திமார் அதில் கேக்கும் பிஸ்கட்டும் நன்றாகவே சுடுகிறார்கள். கைபேசியில் சொன்னால் அதிரசமும் வாசலுக்கு வருகிறது. சென்ற புரட்டாசியில் நோட்டை விரித்தபோது ஒரு பேத்தி நியாயமாகவே கேட்டாள்: “வீட்டில் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய். ஆட்களோ நாலாசோப்பாராவிலும் பன்வேலிலும் இருக்கிறார்கள். இத்தனை பேருக்கு எதற்கு?” தாராவியிலும் மறுசீரமைப்புக்காகக் கதவுதோறும் எண் எழுதியிருக்கிறார்கள், எங்கள் பழைய சந்தில் எஞ்சியுள்ளவரும் எங்கெங்கே சிதறுவார்களோ தெரியவில்லை. பேக்கரியைப் பெரியவரின் மகன் நடத்துகிறார். விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் வேறு எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025 சனவரியில் மும்பை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதிலிருந்து அந்தப் பழைய அடுப்பைப் பற்றியும் அவருக்குக் கவலை.

பேத்திக்கு விடையாக 1982ஆம் ஆண்டுப் பக்கத்தையும் 1993ஆம் ஆண்டுப் பக்கத்தையும் காட்டினோம். அவள் நெடுநேரம் கோணல் எழுத்து வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு அவளே எழுத உட்கார்ந்தாள். அளவு பாதியாயிற்று. சர்க்கரை நோயாளருக்கு முறுக்கும் மருந்தும் மட்டும் என்று குறித்தாள். மறைந்தோர் பெயருக்கு எதிரே அவர்தம் பிள்ளைகளின் பெயரை எழுதினாள். மாவ்சியின் பெயர் இருந்த முதல் வரியில் இப்போது அவர் மருமகள் பெயர். நான்கட்டாய் வீட்டு அவனிலா, பேக்கரியிலா என்று எவரும் கேட்கவில்லை. பேக்கரி என்றே எழுதியிருந்தாள்.

புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இதுவே. மழை ஓய்ந்து முதல் வெயில் வந்தவுடன் அரிசியைக் காயவையுங்கள். அதிரச மாவை ஒரு வாரம் முன்பே கிளறுங்கள். நான்கட்டாயைச் சூடு இறங்கிய அடுப்பில் வையுங்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பு, ஒரு சனிக்கிழமை இரவு, பிள்ளைகளை அருகில் அமர்த்தி மூன்றாம் பத்தியை எழுதுங்கள். எழுதக் கை நிற்கும் பெயர் ஒன்று உங்கள் பட்டியலிலும் இருக்கக்கூடும். அதை முதலில் எழுதிவிடுங்கள்.